வானத்தில் ஒரு புள்ளியும் இல்லை

கண்டியில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த படக்கடையிலிருந்து போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். மருந்து பூசிக் காயவைத்த கண்ணாடிகள் இப்போது பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்குகின்றன. கமராவும் மலிந்துவிட்டது. துரைமார், கந்தோர்க் கிளாக்கர்மார், பள்ளிக்கூட வாத்தியார்மார் என்று ஆளாளுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு மலையையும் ஆற்றையும் எடுக்கிறார்களாம். எடுத்ததைக் கடைக்குக் கொண்டுவந்து, எங்கே பிழை என்று கேட்கிறார்களாம். சொன்னால் கோபித்துக்கொண்டு போகிறார்கள். சொல்லாவிட்டால் அதே பிழையோடு திரும்பி வருகிறார்கள். புதிதாகப் படம் எடுக்கிறவருக்குக் குறை சொல்வது எப்படி என்று நீங்கள் நாலு பக்கம் எழுதித் தந்தால் சுவரில் ஒட்டிவைப்போம் என்றார்கள்.

சுவரில் ஒட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. குறை சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று கடையில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை யார் கட்டிவிட்டார்களோ, அவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். மலைப்படம் எடுக்கப் பழகிய ஒரே ஒரு ஆளை நான் மனதாரக் குறை சொல்லித் திருத்தினேன். அதைத்தான் எழுதுகிறேன். ஒட்டுவதா கிழிப்பதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் தொழிலுக்கு வந்த கதை பெரிதல்ல. என் தகப்பனார் கோப்பி மூட்டை ஏற்றிக் கொழும்புக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். கண்டிக்கு ரயில் வந்ததும் வண்டிக்கு வேலை போயிற்று. இருபத்திரண்டு வயதில் நான் படக்கடையில் கண்ணாடி கழுவச் சேர்ந்தேன். முதல் வருடம் கழுவினேன், இரண்டாம் வருடம் துடைத்தேன், மூன்றாம் வருடம் மருந்தைத் தொட விட்டார்கள். என் விரல்கள் கறுத்ததும் அப்போதுதான். வெள்ளி மருந்து பட்ட தோல் வெயில் கண்டால் கறுத்துப் போகும்; ஊரில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்குக் கையில் ஏதோ வியாதி என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்று படம் எடுப்பது இன்றைய மாதிரி இல்லை. துடைத்த கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைமருந்தை ஊற்றி நாலு மூலைக்கும் சாய்த்து ஓடவிட வேண்டும். இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி மருந்தில் முக்கி, ஈரத்தோடு கமராவில் வைத்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் கூடாரத்துக்குத் திரும்பி வந்து அன்னபேதித் தண்ணீர் ஊற்றி உருவத்தை வரவழைக்க வேண்டும். கண்டி வெயிலில் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. கொஞ்சம் தாமதித்தால் கண்ணாடியில் கறைதான் மிஞ்சும்.

கடை முதலாளி ஒரு பறங்கிக்காரர். நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வெளியார் யாராவது தாங்கள் எடுத்த கண்ணாடியைக் கொண்டுவந்தால் அவர் நடந்துகொள்கிற விதம் ஒன்று இருந்தது. வந்தவரைக் கதிரையில் உட்காரவைப்பார். தான் நிற்பார். "குறை சொல்றவன் நிக்கணும், கேட்கிறவன் உட்காரணும்" என்பார். கண்ணாடியை உடனே வாங்க மாட்டார். அது துணிக்குள்ளேயே இருக்கும். "அங்கே என்ன இருந்தது? சொல்லுங்க" என்பார். வந்தவர் மலையைச் சொல்வார், மேகத்தைச் சொல்வார், ஓடையைச் சொல்வார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆள் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடியை வாங்கிக் கறுப்பு வெல்வெட் துணிமேல் வைப்பார். கறுப்புத் துணிமேல் வைத்தால் கண்ணாடியிலிருக்கும் உருவம் நிஜம் போலத் தெரியும். முதலில் நன்றாக வந்த ஒன்றை, அது கண்ணாடியில் எந்த இடம் என்று காட்டிச் சொல்வார். பிறகு ஒரே ஒரு குறை, அதற்கு ஒரே ஒரு பரிகாரம். பத்துக் குறை இருந்தாலும் ஒன்றுதான். மற்ற ஒன்பதையும் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வார்.

எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. கண்ணாடியே கையில் இருக்கும்போது அங்கே என்ன இருந்தது என்று எதற்குக் கேட்பது? உபசாரத்துக்குக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் அரிசி வியாபாரம் செய்த ஒருவர், மனைவியோடு படம் எடுக்க வந்தார். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை முழுக்குப் போட்டு, முகமெல்லாம் மஞ்சள் பூசி, செவ்வந்திப் பூ வைத்து லட்சுமிகரமாக வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் உருவம் வந்ததும் கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்த்தேன். புருஷன் முகம் முகமாக இருக்கிறது; பெண்ணின் முகம் அடுப்பில் ஏற்றிய சட்டியின் அடிப்பக்கம்! பூவும் கரி. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, எனக்கு என்னமோ ஆகப்போகுது என்று அலறிவிட்டார். ஐயா அவரைச் சமாதானப்படுத்தி, முகம் கழுவி வரச் சொல்லி மறுபடி எடுத்தார். "இந்த மருந்துக்கு மஞ்சள் நிறம் தெரியாது மருதமுத்து. நம்ம கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சம், இதுக்கு அது இருட்டு" என்று எனக்குச் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து படம் எடுக்க வரும் பெண்களிடம் "மஞ்சள் பூசாம வாங்கம்மா" என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். கிளிப்பிள்ளை சொன்ன மாதிரி சொல்லியிருக்கிறேன்.

இனி வேலாயுத அண்ணனுக்கு வருகிறேன்.

நாவலப்பிட்டிப் பக்கத்தில் ஒரு கோப்பித் தோட்டத்தில் அவர் கங்காணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய துரை ஆசைப்பட்டு ஒரு கமரா வாங்கி, இரண்டே மாதத்தில் சலித்துப்போய், பெட்டி தூக்கி வந்த கங்காணியிடமே கொடுத்துவிட்டார். பெட்டி தூக்கியவருக்குத் தொழில் பிடித்துப்போயிற்று. எழுத்து வாசனை குறைவு என்றாலும் எந்த மருந்துக்குப் பின் எந்த மருந்து என்பதை ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார். மருந்து வாங்கக் கடைக்கு வந்தவர், ஒரு சித்திரை மாதக் காலையில் தான் எடுத்த கண்ணாடியையும் கொண்டுவந்தார்.

"ஊருக்குக் காட்டணும் தம்பி" என்றார். "ஆடியில ஆள் கூட்டியார இந்தியாவுக்குப் போறேன். கண்டிச் சீமைன்னா அட்டையும் காய்ச்சலும்னு அங்க பயப்படுறாங்க. என் தங்கச்சி பேச்சியம்மாவும் அவ புருஷனும் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போயிடலாமான்னு நிக்கிறாங்க. இங்க வந்தா என் கண்ணு முன்னாடி இருப்பாங்க. மலை இப்பிடித்தான் இருக்குன்னு ஒரு படத்தக் காட்டினா வந்துருவாங்க."

இதில் இருந்த கனம் எனக்கு அன்று உறைக்கவில்லை. படம் நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

முதல் கண்ணாடியில் மலை சாய்ந்து கிடந்தது. இலையெல்லாம் காற்றில் கலங்கியிருந்தது. ஐயா அப்போது ஊரில் இருந்தார். அவரே அண்ணனை உட்காரவைத்து, மலை விளிம்பு கூர்மையாக வந்திருப்பதைப் பாராட்டி, காற்று எழும்புவதற்கு முன் விடியலில் எடுக்கச் சொன்னார். இரண்டாவது கண்ணாடி தெளிவாக வந்தது. அடுத்த வாரம் ஐயாவின் மகளுக்குப் பிரசவம் என்று அவர் தெற்கே காலிப் பட்டணத்துக்குப் போனார். ஆவணி வரை வரவில்லை. கடை என் பொறுப்பு. வேலாயுத அண்ணனும் என் பொறுப்பு. கதிரை என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"படம் தட்டையாக் கிடக்குதுண்ணே" என்றேன் அடுத்த தடவை. "மலை மட்டும் இருந்தா பார்க்கிறவன் கண்ணுக்குப் பிடி கிடைக்காது. ஒரு கோப்பிச் செடியைக் கிட்டத்தில, கைக்கெட்டுற தூரத்தில வச்சுக்கங்க. அதுக்குப் பின்னாடி ஆளுங்க குடியிருக்கிற லயம், அதுக்குப் பின்னாடி மலை. பார்க்கிறவன் செடியைத் தாண்டி உள்ள நடந்து போற மாதிரி இருக்கும்."

நல்ல யோசனைதான். இன்றைக்கும் யாரும் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவர் இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்த கண்ணாடியைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது. வலது பக்கம் ஒரு கோப்பிச் செடி, அதன் பளபளப்பான இலை ஒவ்வொன்றிலும் காலை வெளிச்சம். நடுவில் லயத்தின் நீண்ட சுவர். பின்னால் மூன்று அடுக்காக மலை. ஆனால் செடியின் இலைகளில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புள்ளியைக் கண்டதும் என் வாய் முந்திக்கொண்டது.

"வெள்ளி மருந்துல தூசி. வடிகட்டினீங்களா?"

"கட்டினேனே தம்பி."

"ஒரு தடவை போதாது. ரெண்டு தடவை கட்டுங்க. மருந்தை ஒரு நாள் முழுக்க வெயில்ல வச்சு, அடியில தங்கிற கசடை விட்டுட்டு மேல் தெளிவை எடுங்க. கண்ணாடியச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுப் பிறகு சாராயம் தொட்டுத் துடையுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். ஆனி மாதம் திரும்பி வந்தார். மழை விட்ட ஒரு காலையாகப் பார்த்து எடுத்திருந்தார். இப்போது புள்ளி முன்னைவிட அதிகம். எனக்குச் சுள்ளென்று கோபம். இவ்வளவு சொல்லியும் இந்த மனிதர் அழுக்கு மருந்தோடு வந்து நிற்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். அவர் கண்ணாடியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வானத்துல ஒரு புள்ளியும் இல்லையே தம்பி. லயத்துச் சுவத்துலயும் இல்ல. செடியில மட்டுந்தானே இருக்கு?"

வேறு யாராவது கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அத்தனை சரியான கேள்வி. மருந்தில் தூசி இருந்தால் கண்ணாடி முழுக்கத்தான் விழும்; செடியைத் தேடிப்போய் விழாது. ஆனால் கேட்டவர் பழகுகிறவர், நான் பழக்குகிறவன். "வானம் கண்ணாடியில கெட்டியா விழும்ணே. அந்தக் கெட்டிக்குள்ள புள்ளி மறைஞ்சு போயிரும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது தவறு. கெட்டியான இடத்தில்தான் புள்ளி இன்னும் பளிச்சென்று தெரியும். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"அப்ப செடியில ஒண்ணும்…" என்று அவர் இழுத்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று சிரித்தேன். "செடி என்ன செய்யும்? மருந்தைப் பாருங்க."

அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அன்று நான் படிக்கத் தவறிவிட்டேன்.

ஆடி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. மறுபடி எடுக்க மழை விடவில்லை. வெறுங்கையோடு ஊருக்குப் போகிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியை என்னிடம் விட்டுப் போங்கள், சரியாக எப்படி வர வேண்டும் என்று காட்டுகிறேன் என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். கண்ணாடியை ஜன்னலில் சாய்த்துவைத்து, பின்னால் வெள்ளைத் தாளை நிறுத்தினேன். வெளிச்சத்துக்குப் பிடித்தால் எல்லாம் தலைகீழ்: படத்தில் கறுப்பாக விழுகிற புள்ளி, கண்ணாடியில் வெற்றுத் துவாரமாகத் தெரியும். விளக்குக் கரியில் பிசின் கலந்து, அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையின் நுனியால் அந்தத் துவாரங்களை ஒவ்வொன்றாக அடைத்தேன். அதிகம் வைத்தால் இலையில் வெள்ளைப் பொட்டு விழும், குறைந்தால் புள்ளி எட்டிப் பார்க்கும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, இலைக்கு இலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாக வேறெதையும் செய்ததில்லை. தாளில் அச்சிட்டபோது செடி குளித்து எழுந்த மாதிரி நின்றது.

வேலாயுத அண்ணன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "புள்ளி ஒண்ணு கூட இல்ல" என்றார். மறுபடியும், "மருந்துக் குத்தந்தானே தம்பி?" என்று கேட்டார்.

"மருந்துக் குத்தந்தான்."

படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். நான் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

ஆவணியில் ஐயா வந்தார். வந்ததும் நான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். புள்ளி விழுந்த பழைய கண்ணாடி, நான் கை வைக்காதது, தட்டில் இருந்தது. பழகுகிறவர்கள் செய்யும் பிழைக்கு ஒரு மாதிரி என்று பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அங்கே என்ன இருந்தது என்று கேட்டியா?"

"கேட்கல்லை ஐயா. கண்ணாடியிலேயே தெரிஞ்சுது."

வெல்வெட் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"இந்தப் புள்ளியைப் பார். இலை விளிம்போட வெட்டுப்பட்டு நிக்குது. இது இலை வளையிற இடத்தில தானும் வளையுது. மருந்துல இருக்கிற தூசிக்கு இலை விளிம்பு எது என்று தெரியுமா மருதமுத்து?" கண்ணாடியை மிக மெதுவாகக் கீழே வைத்தார். "செடியில மஞ்சளா ஏதோ இருந்திருக்குது."

மஞ்சள். ஆயிரம் தடவை பெண்களுக்குச் சொன்ன அதே மஞ்சள். எந்தப் பாடத்தை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அது என் கண் முன்னாலேயே இலை இலையாக எழுதிக் கிடந்திருக்கிறது. அதைத்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்து கரி பூசி அழித்திருக்கிறேன்.

மறுநாளே வண்டியில் நாவலப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து மலை ஏறினேன். படத்தில் பார்த்த இடத்தை அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. செடி, லயம், மூன்று அடுக்கு மலை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கிட்டப் போனதும் இலைகளின் மேல்பக்கத்தில் மங்கலான மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் தூள் அப்பிக் கிடந்தது. விரலை வைத்தேன், குங்குமச் சிமிழில் விட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அடுத்த இலை, அதுவும். அடுத்த செடி, அதுவும். இலைநோய் என்று வேறு மாவட்டங்களில் பேச்சு அடிபட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது நம் மலைக்கு வந்துவிட்டது, அதை முதலில் கண்டது ஒரு கங்காணியின் கமரா, அந்தக் கமராவைப் பொய்யாக்கியது நான்.

அந்தத் துரையைப் பார்த்துச் சொன்னேன். வெயில் வந்தால் போய்விடும் என்று கையை வீசிவிட்டார். ஐயா சொல்லி, வேலாயுத அண்ணனின் ஊருக்கு ஒரு கடிதம் போட்டேன். ஆட்களைக் கூட்டி வர வேண்டாம், நீங்கள் வந்த பிறகு விவரம் சொல்கிறேன் என்று எழுதினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். கடிதம் கப்பல் ஏறிய நாளில் அவர்கள் நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் மடவளை ஊர்க்காரர் மீரான் நானா கடைவாசலில் வண்டியை நிறுத்தினார். மாத்தளையிலிருந்து கோப்பி ஏற்றி வருகிறவர். "உங்கட கங்காணியார் கட்டுகஸ்தோட்டை ஆத்தங்கரையில ஆக்களோட இறங்கியிருக்கார். வாற வழியில வாந்திபேதி. ஒரு மையித்தை ரோட்டோரமே அடக்கிட்டு வந்திருக்காங்க" என்றார்.

மலையிலிருந்து கொண்டுவந்த இலை ஒன்றைக் கைதுடைக்கும் லேஞ்சியில் மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆற்றங்கரையில் நாற்பது ஐம்பது பேர். மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்த கால்கள், பாதமெல்லாம் வெடிப்பு. சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் படுத்த இடத்திலேயே தூங்கிவிட்டார்கள். வேலாயுத அண்ணன் ஒரு மரத்தடியில் நின்றார். பாதி ஆளாகியிருந்தார். வழியில் செத்தது அவருடைய தங்கை புருஷன்.

அவரைத் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து சுத்தமாகத்தான் இருந்தது, உங்கள் கை சரியாகத்தான் செய்தது, நான்தான் பிழை என்று சொன்னேன். லேஞ்சியைப் பிரித்து இலையைக் காட்டினேன். அவர் இலையைப் பார்க்கவே இல்லை.

"தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும். அந்தச் செடியக் கிட்டத்துல வச்சு எடுக்கச் சொன்னீங்கள்ல, அன்னைக்கே இலையத் திருப்பிப் பாத்தேன். வெரல்ல மஞ்சத்தூளா ஒட்டுச்சு."

"அப்ப ஏன்ணே எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். புள்ளி செடியில மட்டுந்தான் இருக்குன்னு சொன்னேன். நீங்க மருந்துக் குத்தம்னு சொன்னீங்க. இவ்வளவு படிச்ச தம்பி சொல்லுது, நம்ம கண்ணுதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிறது சுகமாவும் இருந்துச்சு. ஊர்ல மழை இல்ல. தங்கச்சிய எங்கூட வச்சுக்கணும்னு ஆச." ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க என்ன கண்டீங்கன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். நீங்க கேக்கலையே."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொல்கிற குரல். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஐயா எல்லாரிடமும் கேட்டது உபசாரக் கேள்வி இல்லை என்பது எனக்கு அந்த ஆற்றங்கரையில்தான் விளங்கியது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களால் திரும்ப முடியாது. அவர்களுக்கு அரிசி தருகிற தோட்டம் மலையில்தான் இருந்தது. போனார்கள். அந்த வருடம் பழம் பறித்தார்கள். அடுத்த மழைக்குள் இலை கொட்டத் தொடங்கியது; அதற்கடுத்த வருடம் மலை முழுக்க விளக்குமாற்றுக் குச்சிகள் நின்றன. தோட்டம் கைவிடப்பட்டது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பேச்சியம்மா பிள்ளைகளோடு ரோட்டுக்குக் கல்லுடைக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். பிள்ளைகளை வேலாயுத அண்ணன் கூட்டிப்போனார் என்று கேள்வி. அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. நானும் தேடிப்போகவில்லை, போக எனக்குத் தைரியம் இல்லை.

அன்று ஆற்றங்கரையில் நடந்த இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

நானும் அண்ணனும் அங்கேயே நின்றபோது பேச்சியம்மா எங்களிடம் வந்தார். ஈரப் புடவை. கழுத்து வெறுமையாக இருந்தது. இடுப்பில் செருகியிருந்த துணிமுடிச்சை அவிழ்த்து, நான் அச்சிட்ட படத்தை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்திருந்தது, ஆனால் செடி அப்படியே பளிச்சென்று நின்றது.

"இதுல நாங்க இருக்கப்போற வீடு எது?" என்று என்னைக் கேட்டார். "வழி நெடுகக் கேட்டேன், அண்ணன் காட்டவே மாட்டேங்குது."

வேலாயுத அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார். நான் படத்தின் நடுவில் லயத்துச் சுவரைக் காட்டினேன்.

"வாசல்ல நின்னா இந்தச் செடியெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்று படத்தைத் தடவினார். "அவுரு சாகிறப்ப இதக் கையில குடுத்தேன். பாத்துக்கிட்டேதான் போனாரு. அண்ணனுக்குப் படம் எடுக்கத் திருத்திச் சொல்லிக்குடுத்த தம்பி நீங்கதானாமே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் அவரிடமும் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். படத்தை மடித்துத் துணியில் முடிந்துகொண்டு, மற்றவர்களை எழுப்பப் போனார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. நான் நன்றாகத்தான் இருந்தேன்.